குதிகால் நாண் வலிக்குப் பிறகு மீண்டும் ஓட்டம்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

ஜனவரி மாரத்தானுக்குப் பணம் கட்டியாயிற்று, பயிற்சியும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் 18 கிலோமீட்டரைத் தொட்டது, மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலுக்கு மேலே பின்பக்கம் விண்ணென்று இழுக்கிறது. சென்னையில் எந்த ஓட்டக் குழுவை எடுத்தாலும் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேருக்காவது இது வரும். பெசன்ட் நகரில் ஓட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒரு மாதம் ஷூவையே தொடாதே என்பார் ஒருவர். படியில் நின்று குதிகாலைக் கீழே இறக்கு, யூடியூபில் இருக்கிறது என்பார் இன்னொருவர். மூன்றாமவர் தன் பிசியோவின் எண்ணை அனுப்பி, பத்து சிட்டிங் போனால் போதும் என்பார். பிஆர்பி என்ற ரத்தத் தட்டணு ஊசி போட்டுக்கொண்ட ஒருவரும் இருப்பார், எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லும் பெரியவர் ஒருவரும் நிச்சயம் இருப்பார்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. நான் மருத்துவர் இல்லை, ஓடுகிறவன், இந்த வலியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜிம்முக்குப் போக முடிகிறவர்களுக்கு வாரம் மூன்று நாள் கனமான எடையோடு மெதுவாகச் செய்யும் பயிற்சி, அதோடு வலியை அளந்துகொண்டு ஓட்டத்தைக் கொஞ்சமாவது தொடர்வது, பிசியோவிடம் தினமும் போகாமல் இடைவெளி விட்டுச் சில முறை போவது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பணத்துக்கும் நேரத்துக்கும் காலுக்கும் நியாயமான வழி. எல்லோருக்கும் இது பொருந்தாது, யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் வலி எங்கே என்று பார்த்துவிடுங்கள். நாணைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மேலிருந்து கீழே நசுக்கிக்கொண்டே வாருங்கள். குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே வலித்தால், அந்த இடம் கொஞ்சம் தடித்தும் இருந்தால், நான் பேசுவது அதைப் பற்றித்தான். எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலித்தால் விஷயம் சற்று வேறு, பின்னால் வருகிறேன். ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி பட்டென்று ஒரு சத்தம், திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை, அதற்குப் பிறகு முன்பாதத்தில் எம்பி நிற்க முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், இன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, நாணுக்கு என்ன ஆகிறது? ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் இந்த அக்கிலிஸ் நாண் உடல் எடையைப்போல ஆறேழு மடங்கு இழுவையைத் தாங்குகிறது. 70 கிலோ ஆளுக்கு அடிக்கு 400 கிலோவுக்கு மேல். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு காலுக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்நூறு அடி. வாங்கிப் பழகிய சுமையைவிடத் திடீரென்று கூடிவிட்டால் நாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து, நீர் கோத்து, தடித்துப்போகின்றன. இதைச் சாதாரண வீக்கம் என்று நினைத்து ஐஸும் வலி மாத்திரையுமாக ஓட்டுகிறவர்கள் உண்டு. வலி கொஞ்சம் அடங்கும், நாணின் தாங்குதிறன் அப்படியே இருக்கும். அந்தத் திறனைத் திரும்பக் கட்டுவதற்குச் சுமையைத் தவிர வேறு வழி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. எந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இதில் நாணுக்குச் சுமை போகிறதா, இல்லையா?

இப்படிப் பார்த்தால் முழு ஓய்வு முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுகிறது. மூன்று நான்கு வாரம் ஓடாமல் இருந்தால் பலருக்கு வலி அடங்கிவிடும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று நான்கு வாரத்தில் கெண்டைக்கால் தசையும் சேர்ந்து இளைக்கிறது. வலி இல்லையே என்று பழைய வேகத்தில் நாலு நாள் ஓடினால் ஐந்தாம் நாள் அதே இடத்தில் அதே இழுப்பு. பலர் ஆண்டுக்கணக்கில் இந்தச் சுழலில்தான் சுற்றுகிறார்கள். நொண்டி நடக்கும் அளவுக்கு வலி இருக்கும் முதல் சில நாட்களுக்கு ஓய்வு தேவைதான், யாரும் மறுக்கவில்லை. அதைத் தாண்டினால் ஓய்வு ஒரு சிகிச்சை இல்லை.

அடுத்தது படிப் பயிற்சி. ஹோகன் ஆல்பிரட்சன் என்ற சுவீடன் எலும்பு அறுவை மருத்துவரின் பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. அவருக்கே இந்த வலி இருந்ததாம், அறுவை சிகிச்சை செய்யச் சொன்னதற்கு மேலதிகாரி மறுத்துவிட்டாராம், சரி நாணையே அறுத்துக்கொண்டு வந்தால் எப்படி மறுப்பார் என்று வலிக்க வலிக்கப் பயிற்சி செய்தாராம், நாண் அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டதாம். விளையாட்டு மருத்துவத்தில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 15 பேர், எல்லோரும் ஓடுகிற பொழுதுபோக்கு விளையாட்டுக்காரர்கள், 12 வாரத்தில் 15 பேரும் பழையபடி ஓடப் போய்விட்டார்கள். செய்முறை எளிது. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலின் உதவியால் மேலே எம்பி, வலிக்கும் காலில் மட்டும் எடையைப் போட்டுக் குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முழங்கால் நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, முழங்கால் மடக்கி இன்னொரு மூன்று சுற்று, காலையும் மாலையும், வாரம் ஏழு நாளும். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180.

இதன் பலம் என்னவென்றால் செலவு பூஜ்யம். அடுக்குமாடி வீட்டில் படிக்கட்டு இருக்கிறது, சுமை கூட்ட வேண்டுமென்றால் முதுகுப் பையில் 5 கிலோ அரிசிப் பைகள் இரண்டைப் போட்டுக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அவ்வளவுதான். பலவீனம், யாரால் தினமும் 180 முறை 12 வாரத்துக்குச் செய்ய முடியும்? முதல் வாரம் ஆர்வமாகப் போகும், இரண்டாம் வாரம் மாலைச் சுற்று விடுபடும், ஐந்தாம் வாரம் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனதோடு முடிந்துவிடும். நல்ல வேளையாக இதற்கும் ஒரு விடை இருக்கிறது. 2014இல் வந்த ஒரு சிறு ஆய்வில் ஒரு குழுவை 180ஐ அப்படியே செய்யவும், இன்னொரு குழுவை முடிந்த அளவு செய்யவும் விட்டுப் பார்த்தார்கள், ஆறு வாரத்தில் முடிந்த அளவு செய்தவர்கள் பின்தங்கவில்லை. ஆகவே 180 என்ற எண்ணுக்குப் பயந்து இந்த வழியை ஒதுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது. கனமாக, மெதுவாக, குறைந்த நாட்கள். டென்மார்க்கில் 58 பேரை வைத்து இந்த இரண்டு முறைகளையும் மோதவிட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 52 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டுமே நல்ல பலன், பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நேரத்தில் இருந்தது. படிப் பயிற்சிக்கு வாரத்துக்கு 308 நிமிடம், எடைப் பயிற்சிக்கு 107 நிமிடம். அதனால்தானோ என்னவோ, எடைக் குழுவினர் பயிற்சியை விடாமல் செய்தார்கள், 12 வாரத்தில் திருப்தியும் அவர்களுக்கே அதிகம். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு ஓடுகிற ஒருவருக்கு வாரத்தில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் மிச்சமாவது சின்ன விஷயமா?

இதைச் செய்யும் விதம் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியது, ஏனென்றால் ஜிம்மில் பெரும்பாலும் தப்பாகத்தான் செய்கிறார்கள். மூன்று பயிற்சிகள்: உட்கார்ந்து முழங்கால் மடக்கிய நிலையில் குதிகாலை உயர்த்துவது, லெக் பிரஸ் இயந்திரத்தில் முழங்கால் நீட்டி முன்பாதத்தால் தள்ளுவது, தோளில் பார்பெல் வைத்து நின்றபடி எம்புவது. மேலே போக மூன்று நொடி, கீழே வர மூன்று நொடி. ஜிம்மில் பக்கத்தில் இருப்பவர் ஸ்பிரிங் மாதிரி குதித்துக்கொண்டிருப்பார், அவரைப் பார்க்காதீர்கள். முதல் வாரம் 15 முறைக்கு மேல் முடியாத எடை, போகப்போக எடையைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைத்து, கடைசி வாரங்களில் 6 முறைக்கு மேல் முடியாத எடை. சுற்றுக்குச் சுற்று இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். நம் தெருமுனை ஜிம்களில் உட்கார்ந்து செய்யும் கெண்டைக்கால் (காஃப்) இயந்திரம் பெரும்பாலும் இருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து, முன்பாதத்தை ஒரு எடைத் தட்டின் மேல் வைத்து, முழங்காலுக்கு மேல் துண்டு மடித்துப் போட்டு டம்பெல்லை வைத்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும். முழங்கால் மடக்கிச் செய்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நின்று செய்யும்போது மேலே தெரிகிற பெரிய தசை அதிகம் வேலை செய்கிறது, மடக்கும்போது அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை கூடுகிறது, நீண்ட தூரம் ஓடும்போது பெரும் பாரத்தை இழுப்பது அந்த அடித்தசைதான்.

நான்காவதை ஒரு தனி வழி என்று சொல்வதா, மற்றதோடு சேர்க்கிற விதி என்று சொல்வதா தெரியவில்லை, நான் விதியாகத்தான் பயன்படுத்தச் சொல்வேன். கேரின் சில்பெர்னாகல் என்ற பிசியோதெரபிஸ்ட் குழுவினர் 2007இல் சுவீடனில் 38 பேரை வைத்துச் செய்த ஆய்வு. எல்லோருக்கும் ஒரே பயிற்சி. பாதிப் பேர் முதல் ஆறு வாரம் ஓடவோ குதிக்கவோ கூடாது, மீதிப் பேர் வலியை அளந்துகொண்டு ஓடலாம். ஓராண்டு கழித்து இரண்டு குழுவும் ஒரே அளவு தேறியிருந்தன. ஓடியவர்களுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. ஓட்டத்தை விட்டால் மனசு வாடிப்போகிற நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

ஆனால் அளந்துகொண்டு என்ற சொல்லை விழுங்கிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விதி இதுதான். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி. ஓடும்போதும் பயிற்சியின்போதும் 5 வரை போகலாம், முடித்த பிறகும் 5 வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் காலை நேர விறைப்பும் கூடக் கூடாது. இதில் கடைசி இரண்டும்தான் முக்கியம். ஓடும்போது இந்த நாண் சூடேறி மழுப்பிவிடும், முதல் கிலோமீட்டரில் இருந்த வலி மூன்றாவதில் காணாமல் போகும், ஆகா சரியாகிவிட்டது என்று நீட்டிவிடுவோம். உண்மையைச் சொல்வது மறுநாள் காலைதான். பல் துலக்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வலிக்கும் காலில் மட்டும் ஐந்து முறை எம்பி இறங்குங்கள், மனசில் வருகிற எண்ணைக் கைப்பேசியில் எழுதுங்கள். செவ்வாய் 2, புதன் 2, வியாழன் 4 என்று இருந்தால் புதன்கிழமை செய்தது அதிகம். இதற்கு ஸ்கேன் வேண்டாம், கடிகாரம் காட்டும் ரெக்கவரி மதிப்பெண்ணும் வேண்டாம்.

இப்போது பிசியோதெரபி மையம். நம் ஊரில் பிசியோவிடம் போகிறேன் என்றால் பெரும்பாலும் கரண்ட் வைக்கப் போகிறேன் என்றுதான் அர்த்தம். படுக்கையில் குப்புறப் படுக்க வைத்து ஐஎஃப்டி என்ற மின்சிகிச்சை பத்து நிமிடம், அல்ட்ராசவுண்ட் ஜெல் தடவி ஐந்து நிமிடம், கொஞ்சம் நீவல், நீல நிற டேப், கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு பயிற்சி. பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி. ஒரு சிட்டிங்குக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை இடத்தைப் பொறுத்து வாங்குகிறார்கள், புறநோயாளியாகப் போவதால் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் இது கிடைக்காது. நான் முதலில் சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். குப்புறப் படுத்திருக்கும் காலுக்கு என்ன சுமை போகிறது? அங்கே நடக்கும் அரை மணி நேரத்தில் உண்மையான மருந்து அந்தத் துண்டுச் சீட்டுதான், அதைத்தான் யாரும் செய்து காட்டுவதும் இல்லை, அடுத்த முறை வரும்போது செய்தாயா என்று கேட்பதும் இல்லை. கரண்ட் வைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, வலி சற்று இதமாகும், அவ்வளவுதான். தினமும் எங்கோ போய் ஏதோ செய்துகொள்கிறோம் என்ற நிம்மதியில் வீட்டுப் பயிற்சியை விட்டுவிடுவதுதான் நிஜமான நஷ்டம்.

அதற்காகப் பிசியோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிபிடி என்ற பிசியோதெரபி இளநிலைப் படிப்பே பல ஆண்டு, எம்பிடி என்ற முதுநிலையில் விளையாட்டுப் பிரிவு எடுத்தவர்கள் அதற்கு மேலும் படித்தவர்கள், அவர்களிடம் வாங்க வேண்டியதை வாங்க வேண்டும். வலி நாணில்தானா, பக்கத்தில் உள்ள வேறு தசைநாணிலா, கெண்டைக்கால் கிழிசலா என்று பிரித்துச் சொல்வது, எத்தனை கிலோவில் தொடங்குவது, எப்போது கூட்டுவது, எப்போது குதிக்க ஆரம்பிப்பது, இதெல்லாம் யூடியூபில் கிடைக்காது. இதற்குத் தினமும் போகத் தேவையில்லை. முதலில் ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, ஓட்டத்தைக் கூட்டும் கட்டத்தில் ஒரு முறை. பத்து சிட்டிங் பணத்தில் இந்த மாதிரிச் சந்திப்புகளும் மூன்று மாத ஜிம் கட்டணமும் அடங்கிவிடும். கையில் பணம் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, சென்னையில் கே.கே. நகரில் இதற்கென்றே அரசின் புனர்வாழ்வு மருத்துவமனை உண்டு. கூட்டம் இருக்கும், காலைப் பொழுது போய்விடும். விபத்தில் அடிபட்டவர்களும் பக்கவாதக்காரர்களும் வரிசையில் நிற்கும் இடத்தில் நம் மாரத்தான் கவலை கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். ஆனால் என்ன நோய் என்று உறுதிசெய்துகொண்டு பயிற்சியைக் கற்றுக்கொள்ள ஒரு முறை போனால் போதும், மீதி வீட்டுப் படிக்கட்டில்.

ஊசிகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. பிஆர்பி என்பது நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து நாணுக்குள் போடுவது. செலவு பல ஆயிரங்களில். 2010இல் நெதர்லாந்தில் 54 பேருக்கு ஒரு பாதிக்கு இதையும் மறு பாதிக்கு வெறும் உப்புநீரையும் போட்டுப் பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. 2021இல் பிரிட்டனில் 240 பேரை வைத்து, ஒரு பாதிக்கு இதையும் மறு பாதிக்குப் போலி ஊசியையும் குத்திப் பார்த்தார்கள், அப்போதும் வித்தியாசம் இல்லை. இதற்குப் பிறகும் போட்டுக்கொண்டால் அது உங்கள் பணம். ஸ்டீராய்டு ஊசி வேறு ரகம். முதல் சில வாரம் அற்புதமாக வலி போகும், அந்தத் தெம்பில் ஓடுவோம், நாண் பலவீனமாகியிருந்தால் அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது. ஓடுகிற யாருக்கும் இந்த நாணில் இதை நான் சொல்ல மாட்டேன். ஷாக்வேவ், அதாவது தோலுக்கு வெளியிலிருந்து கருவியால் அழுத்த அலைகளை நாணுக்குள் செலுத்துவது, இந்த இரண்டையும்விட மேல். 2009இல் ஜெர்மனியில் செய்த ஆய்வில் படிப் பயிற்சியோடு ஷாக்வேவும் சேர்த்தவர்கள் நான்கு மாதத்தில் வெறும் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். கவனியுங்கள், பயிற்சியோடு சேர்த்து. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அசையவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம்.

மலிவான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷூவுக்குள் இரண்டு குதிகாலுக்கும் 12 மி.மீ. உயரத் திண்டு வைப்பது. 2021இல் ஆஸ்திரேலியாவில் 100 பேரை வைத்து இதையும் படிப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள், 12 வாரத்தில் திண்டு வைத்தவர்களே முன்னால் இருந்தார்கள். படித்தபோது எனக்கு நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. திண்டு நாணின் இழுவையைக் குறைக்கிறது, திறனைக் கூட்டுவதில்லை, ஆகவே பயிற்சியை விட்டுவிட்டு இதை மட்டும் நம்ப மாட்டேன். ஆனால் வேலைக்கு நடந்து போய்வரும் நேரத்தில் வலியை அடக்கி வைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இதே காரணத்துக்காக, வலி இருக்கும் மாதங்களில் தட்டையான அடிப்பகுதி கொண்ட ஷூ, வெறுங்கால் ஓட்டம் இரண்டையும் ஒத்திவைப்பது நல்லது. கடற்கரையில் மணலில் ஓடினால் மூட்டுக்கு நல்லது என்பார்கள், இருக்கலாம். குதிகால் புதைந்து நாண் கூடுதலாக இழுபடுவதால் இந்த வலிக்கு மணல் எதிரி.

எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி உள்ளவர்களுக்கு இப்போது வருகிறேன். படிப் பயிற்சியில் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கும்போது நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது, அந்த அழுத்தமே அவர்களுக்கு வலியைக் கூட்டுகிறது. 2003இல் சுவீடன் ஆய்வொன்றில் நடு நாண் வலிக்காரர்களில் 89 சதவீதம் பேருக்குப் படிப் பயிற்சி பலன் தந்தது, எலும்பருகே வலி உள்ளவர்களில் 32 சதவீதம் பேருக்குத்தான். தரையில் நின்றபடி, தரைமட்டத்துக்குக் கீழே போகாமல் செய்யச் சொன்னபோது 2008இல் அது 67 சதவீதமானது. யூடியூப் வீடியோ உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்பதில்லை. கெண்டைக்காலை இழுத்து நீட்டும் ஸ்ட்ரெச்சும் இவர்களுக்கு வேண்டாம்.

சரி, எப்போது ஓடத் தொடங்குவது, எவ்வளவு? ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்தியிருந்தவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் வலி 2ஐத் தாண்டக் கூடாது. வலிக்கும் காலில் மட்டும் நின்று 20 முறைக்கு மேல் முழு உயரத்துக்கு எம்ப முடிய வேண்டும், 25 வந்தால் இன்னும் நல்லது. அதே காலில் நின்ற இடத்திலேயே பத்துப் பதினைந்து முறை குதித்தால் மறுநாள் காலை எண் கூடக் கூடாது. இதற்குப் பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. அவ்வளவுதானா என்று தோன்றும். அவ்வளவுதான்.

அடுத்த ஓட்டம் மறுநாள் வேண்டாம். கனமான சுமைக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் வரை நாணில் கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவதுதான் அதிகம், அதன் பிறகுதான் கணக்கு லாபத்துக்குத் திரும்புகிறது. அதனால்தான் சில்பெர்னாகலின் திட்டத்தில் கடினமான ஓட்டத்துக்குப் பிறகு மூன்று நாளும் நடுத்தரமானதற்குப் பிறகு இரண்டு நாளும் இடைவெளி வருகிறது. வெறும் நடையும் லேசான பயிற்சியும் தினமும் செய்யலாம். எடைப் பயிற்சியும் வைத்து ஓட்டமும் வைத்தால் நாட்கள் இடிக்குமே என்றால், நான் இரண்டையும் ஒரே நாளில் வைக்கச் சொல்வேன். காலையில் ஓட்டம், மாலையில் ஜிம், அடுத்த நாள் காலுக்கு விடுமுறை. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொண்டு, ஞாயிறு சற்றுக் கூடுதலாகப் போனால் செவ்வாயை லேசாக்கிக்கொள்ளலாம். ஓடாத நாட்களில் சைக்கிளோ நீச்சலோ இருந்தால் மூச்சுத் திறன் இறங்காது.

கூட்டும்போது முதலில் நேரம், அப்புறம் தூரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் வேகம். வேகமும் ஏற்றமும் இந்த நாணுக்குத் தனிச் சுமை. சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான், பயிற்சிக்காகப் பாலத்தில் ஏறி இறங்குகிறவர்கள் அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். வாரத்துக்கு 10 சதவீதம் என்ற விதியை வேதம் மாதிரி சொல்வார்கள். நெதர்லாந்தில் 532 புது ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில் அப்படி மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களுக்கும் காயம் ஏறத்தாழ ஒரே அளவுதான் வந்தது, இரண்டு குழுவிலும் ஐந்தில் ஒருவருக்கு. 2025இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கடிகாரத் தரவை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம். வாரக் கணக்கு கூடுவதைவிட, கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்சத் தூரத்தை ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டுவதுதான் காயத்தோடு ஒட்டி வந்தது. நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று 6 கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவாக 12க்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைதான் வில்லன்.

இதெல்லாம் எவ்வளவு நாள் ஆகும்? 12 வாரம் என்று பல ஆய்வுகளில் இருக்கிறது, அது பயிற்சித் திட்டத்தின் நீளம், குணமாகும் தேதி இல்லை. ஆல்பிரட்சன் முறையைச் செய்தவர்களை ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது முழுக்க வலியில்லாமல் இருந்தவர்கள் சுமார் 40 சதவீதம்தான். மீதிப் பேருக்கு வலி கொஞ்சமாவது மிச்சம் இருந்தது. வலி போனதும் எடைப் பயிற்சியை மூட்டை கட்டிவிடாமல் வாரம் ஒன்றிரண்டு நாளாவது வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஆக, யாருக்கு எது? ஜிம் பக்கத்தில் இருந்து நேரம் குறைவாக இருப்பவருக்கு எடை வழி. ஊர் ஊராகச் சுற்றும் வேலை, விடுதி அறை, ஜிம் பிடிக்காது என்பவருக்குப் படி வழி, 180 என்று கணக்குப் பார்க்காமல் முடிந்த அளவு. எலும்பருகே வலி என்றால் தரையிலேயே. ஓட்டத்தை விட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்பவருக்கு வலி விதியோடு ஓட்டமும் உண்டு, ஆனால் அந்த ஆள் எண்ணை எழுதி வைக்கும் ரகமா, 6ஐ 4 என்று எழுதும் ரகமா என்று அவருக்கே தெரியும். இரண்டாவது ரகம் என்றால் ஆறு வாரம் ஓடாமல் இருப்பதே மேல், ஆய்வின்படி அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், கொழுப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை நம் மருந்துக்கடைகளில் வயிற்றுப்போக்குக்கும் சளிக்கும் சர்வசாதாரணமாகக் கொடுக்கிறார்கள். இந்த வகை நாணை அறுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே கடுமையான எச்சரிக்கை போட வைத்தது. குதிகால் நாண் வலி இருக்கும்போது வேறு மாத்திரை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பிசியோவைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு சோதனை போதும். முதல் நாளே உங்களை ஒற்றைக் காலில் நிற்க வைத்து எம்பச் சொல்லி, எத்தனை முறை முடிகிறது என்று இரண்டு காலிலும் எண்ணி எழுதிக்கொண்டாரா, நீங்கள் வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறீர்கள், கடைசி இரண்டு மாதத்தில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாரா என்று பாருங்கள். இதைக் கேட்காமல் நேராகப் படுக்கையைக் காட்டினால், அன்றைய கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள்.